32-க்குச் சொந்தக் குணம் உண்டா?

பிபிசி மைக்ரோ கணினியின் மெமரியில் ஏதோ ஒரு முகவரியில் 32 என்ற எண் இருக்கிறது. அது என்ன? திரைக்கு அனுப்பினால், இரண்டு சொற்களுக்கு நடுவே விடுகிற இடைவெளி. கூட்டல் கணக்கில் எடுத்துக்கொண்டால் வெறும் முப்பத்திரண்டு. 6502 என்ற செயலி தன் போக்கில் வந்து அதைக் கட்டளையாக எடுத்தால், "அடுத்துச் சொல்லும் முகவரிக்குப் போய், அங்குள்ள வேலையை முடித்துவிட்டு இங்கேயே திரும்பி வா" என்று பொருள். மூன்றும் அதே எட்டு பிட்டுகள்தான். நான் இடைவெளி, நான் கட்டளை என்று அதன்மேல் எந்தச் சீட்டும் ஒட்டியிருப்பதில்லை.

ஒரு பொருள் இன்னது என்பது அந்தப் பொருளுக்குள்ளேயே இருக்கிறதா, அல்லது எது வந்து அதைத் தொடுகிறதோ அதிலிருந்து கிடைக்கிறதா? தமிழில் இந்தக் கேள்விக்கு வயது அதிகம். மணிமேகலையின் கடைசிக் காதையில் காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள், ஒன்றைச் சார்ந்தே இன்னொன்று தோன்றும் என்று பன்னிரண்டு நிதானங்களை விளக்குகிறார். சில நூற்றாண்டுகள் கழித்து சைவரான அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில், பௌத்தரின் நான்கு பிரிவினரையும் வரிசையாக நிறுத்தி மறுக்கிறார். இரண்டையும் இள வயதிலேயே படித்திருந்தேன். யாரோ இருவர் நடத்திய வழக்காகத்தான் அப்போது பட்டது. அது என்னுடைய வழக்காக மாறியது அசெம்பிளி மொழி படித்தபோது.

1984-இல் மத்திய அரசு பள்ளிகளில் கணினியை அறிமுகப்படுத்த 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு எடுத்துக்கொண்ட இயந்திரம் பிபிசி மைக்ரோ. கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனம் அதை, பிபிசி தொலைக்காட்சியின் கணினிக் கல்வி நிகழ்ச்சிகளை ஒட்டி 1981 டிசம்பரில் வெளியிட்டது. மாயவரம் பக்கம் நான் இயற்பியல் நடத்திய பள்ளிக்கும் அவை வந்து சேர்ந்தன. விசைப்பலகையும் கணினியும் ஒரே பெட்டி. 32 கிலோபைட் மெமரி. உள்ளே 1975-இல் அமெரிக்காவில் 25 டாலர் விலைக்கு வந்து பெரிய நிறுவனங்களையே கலங்க வைத்த 6502 செயலி.

பிள்ளைகளுக்கு 'பேசிக்' என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொடுத்தால் போதும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆனால் சோஃபி வில்சன் எழுதிய அந்த பேசிக்குக்குள்ளேயே அசெம்பிளர் இருந்தது. சதுர அடைப்புக்குறியைத் திறந்தால் அசெம்பிளி, மூடினால் மறுபடி பேசிக். கதவு இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது உள்ளே எட்டிப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. மாலையில் பள்ளி விட்டதும் நானும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் சிலரும் உட்கார்ந்துவிடுவோம்.

பேசிக்கில் இருக்கும்வரை என் கேள்வி எழவே எழாது. அங்கே பெயருக்குப் பின்னால் டாலர் குறி இருந்தால் அது எழுத்துத் தொடர். சதவீதக் குறி இருந்தால் முழு எண். எழுத்துத் தொடரையும் எண்ணையும் கூட்டச் சொன்னால் 'டைப் மிஸ்மேட்ச்' என்று இயந்திரம் மறுத்துவிடும். ஒவ்வொன்றும் பிறக்கும்போதே தன் இனத்தோடு பிறந்தது போன்ற உலகம். அசெம்பிளிக்கு இறங்கினால் அந்த வேலிகளெல்லாம் போய்விடும். 65,536 முகவரிகள், ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஓர் எண். அவ்வளவுதான் உலகம். கட்டளைகளையும் அவை கையாளும் எண்களையும் ஒரே மெமரியில் வைக்கலாம் என்று ஜான் வான் நியூமன் 1945-இல் தம் அறிக்கையில் விவரித்திருந்தார். அந்த யோசனையின் முழுக் கனமும் அசெம்பிளியில்தான் தெரியும்.

அதை ஆறே எண்களில் காட்டிவிட முடியும். 8192-ஆம் முகவரியிலிருந்து வரிசையாக இவற்றைப் போடுகிறோம்: 169, 65, 32, 238, 255, 96. பிறகு 8192-ஐ 'கால்' செய்கிறோம், அதாவது செயலியை அங்கே நுழைய விடுகிறோம். செயலி முதலில் 169-ஐ எடுக்கிறது. "அடுத்து வரும் எண்ணை ஏ ரெஜிஸ்டரில் ஏற்று" என்பது அதன் பொருள். ஆகவே 65 ரெஜிஸ்டருக்குப் போகிறது. அடுத்து 32, சப்ரூட்டீனுக்குப் போகச் சொல்லும் கட்டளை. எங்கே போவது? 238, 255. இந்தச் செயலி முகவரியின் சிறிய பாதியை முதலில் கேட்கும். 255-ஐ 256-ஆல் பெருக்கி 238-ஐக் கூட்டினால் 65518. அழியா மெமரியான ரோமில் அந்த முகவரி, ஓர் எழுத்தைத் திரையில் போடும் வேலைக்கான வாசல். 65 ஆங்கில 'ஏ'வின் எண் என்பதால் திரையில் 'ஏ' விழுகிறது. கடைசியாக 96: திரும்பு. பேசிக் மறுபடி கைக்கு வருகிறது.

இப்போது ஓர் எண்ணைக்கூட மாற்றாமல், 8193-ஐ 'கால்' செய்யுங்கள். ஒரே ஓர் இடம் தள்ளி நுழைகிறோம். இப்போது 65 எழுத்தாக இல்லை, அதுவே கட்டளை. ஏ ரெஜிஸ்டரில் உள்ளதை மெமரியில் உள்ள ஓர் எண்ணோடு 'எக்ஸ்குளூசிவ் ஆர்' செய்யச் சொல்கிறது. அந்த எண் எங்கே என்று தெரிந்துகொள்ள அடுத்திருக்கும் 32-ஐ எடுத்துக்கொள்கிறது. சப்ரூட்டீனுக்கு அனுப்பிய 32 இப்போது முகவரிக்கு ஒரு துண்டு. சற்று முன் முகவரியின் பாதியாக இருந்த 238, இப்போது "இந்த முகவரியில் உள்ள எண்ணோடு ஒன்றைக் கூட்டு" என்ற கட்டளை. எந்த முகவரி? 255, 96. அதாவது 24831. அங்கே இருக்கும் எண் ஒன்று கூடிவிடுகிறது. முன்னும் பின்னும் அச்சிட்டுப் பார்த்தால் தெரியும். 'திரும்பு' என்ற 96 முகவரிக்குள் விழுங்கப்பட்டுவிட்டது. திரையில் எழுத்து விழவில்லை; திரும்பி வரும் கட்டளையே இந்தப் பாதையில் இல்லை. அதற்கப்பால் மெமரியில் என்ன கிடக்கிறதோ அதையெல்லாம் கட்டளை என்று படித்துக்கொண்டு செயலி போய்க்கொண்டிருக்கும்.

எங்கள் பள்ளித் தமிழ் ஐயாவுக்கு இதைக் காட்டினேன். தருமபுரம் ஆதீனத்தில் சைவ சித்தாந்த வகுப்பு கேட்டவர். பள்ளி விட்ட பிறகும் கணினி அறையில் விளக்கு எரிந்தால் உள்ளே வந்து ஒரு நாற்காலி இழுத்துப் போட்டுக்கொள்வார். ஆறு எண்ணையும் தாமே தட்டிப் போட்டு, இரண்டு விதமாகவும் ஓட்டச் சொல்லிப் பார்த்தார்.

"அந்த 96 இப்பவும் அதே இடத்துல இருக்கா டீச்சர்?"

"இருக்குங்க ஐயா. 8197-லதான் இருக்கு."

"அப்ப அது கெட்டுப்போகல. வந்தவன் வந்த வழிதான் வேற."

பௌத்தர்கள் சொன்னதும் இதுதானே என்று கேட்டேன். எதற்கும் சொந்த இயல்பு கிடையாது, எல்லாம் சார்பால் வருவது என்று அவர்களில் மாத்தியமிகர் சொல்வதற்கு இதைவிட நேரான காட்சி எங்கே கிடைக்கும்? ஐயா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. சித்தாந்தம் படித்த யாரும் அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

"சடம் தானா நடக்காது. 8192-ல நுழையணும்னு அந்தச் செயலிக்குச் சொன்னது யாரு?"

நான் சொன்னேன்: செயலிக்குள் புரோகிராம் கவுண்ட்டர் என்று ஒன்று உண்டு, அடுத்து எந்த முகவரி என்று அதுதான் வைத்திருக்கும். அதுவும் ஓர் எண்தானே என்றார். எண்தான். அந்த எண்ணுக்கு முதல் மதிப்பு எங்கிருந்து வந்தது? இயந்திரத்தைப் போட்டதும் 65532, 65533 ஆகிய இரண்டு முகவரிகளில் இருப்பதைப் படித்து அங்கே போ என்று செயலியின் அமைப்பிலேயே இருக்கிறது. அந்த இரண்டையும் ரோமில் எழுதியது ஏகார்னின் பொறியாளர்கள்.

"அப்ப குயவன் இருக்கான்" என்றார் ஐயா. மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். சித்தாந்தம் படிக்கிறவர்களுக்கு முதல் பாடமே இதுதான். பானை உருவாக மண்ணும் சக்கரமும் மட்டும் போதாது.

எனக்கு அது போதவில்லை. நம் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கேம்பிரிட்ஜ் பொறியாளர் அதற்குள் இல்லை. எழுதிவிட்டுப் போய்விட்டார். சித்தாந்தத்தின் பதியாகிய இறைவனோ படைத்துவிட்டுப் போகிறவன் இல்லை. காத்தலும் அழித்தலும் மறைத்தலும் அருளலும் அவன் தொழில், உயிரோடு உடனாய் நிற்கிறவன். அந்த இடத்தில் ஒரு பொறியாளரை வைத்தால் சித்தாந்தத்தைக் குறைத்ததாகும். அதோடு எல்லா எண்ணையும் யாரோ எழுதினார்கள் என்பதும் சரியில்லை. மின்சாரம் வந்த கணத்தில், ஆபரேட்டிங் சிஸ்டம் துடைத்துச் சீராக்குவதற்கு முன்பே, மெமரியின் ஒவ்வோர் அறையிலும் ஏதோ ஓர் எண் இருக்கிறது. அதை யாரும் அங்கே வைக்கவில்லை. இதைச் சொன்னதும் ஐயாவின் முகம் மலர்ந்தது. "அதுதாம்மா ஆணவம். அநாதி. கடவுள் படைச்சது இல்லை அது" என்றார். நான் பௌத்தர் பக்கம் நின்று நீட்டியதை அவர் மூலமலமான ஆணவத்துக்குச் சான்றாக வாங்கிக்கொண்டார். அந்த நுட்பத்தை இன்றும் வியக்கிறேன்.

எங்கள் விவாதத்தின் ஆழமான இடம் வேறு. மெமரிச் சில்லுகள் எப்படி வேலை செய்கின்றன என்று ஐயாவுக்கு விளக்கப் போனபோது அது வந்தது. அதுவரை நான் 32 என்ற எண்ணாவது நிலையாக இருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தேன். குணம் சார்பால் வரலாம், எண் என்னவோ அங்கேயே இருக்கிறது என்று. அதுவும் உண்மையில்லை. பிபிசி மைக்ரோவில் இருப்பது டைனமிக் மெமரி. ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் தங்கும் மின்னூட்டம். ஒன்று என்றால் மின்னூட்டம் உண்டு, சுழி என்றால் இல்லை. அந்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். சில மில்லி விநாடிகளுக்குள் ஒருமுறை படித்து மறுபடி நிரப்பவில்லை என்றால் 32 என்று ஒன்று இராது. படித்தால்தான் அது புதுப்பிக்கப்படும். இந்த இயந்திரத்தில் அந்த வேலைக்கென்று தனி ஆள் கிடையாது. திரையில் படம் வரைவதற்காக 6845 என்ற வீடியோ சில்லு இடைவிடாமல் மெமரியைப் படிக்கிறது. படம் வரையப் படிக்கிற அந்தப் படிப்பிலேயே மொத்த மெமரியும் உயிர் பிடித்து நிற்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

பௌத்தரில் சௌத்திராந்திகர் சொல்லும் கணபங்கம் இதுவேதான். எந்தப் பொருளும் கணத்துக்குக் கணம் அழிந்து தோன்றுகிறது. தொடர்ச்சி என்று நமக்குத் தெரிவது அந்தத் தோற்றங்களின் வரிசை. 32 எங்கேயும் 'இருந்துகொண்டு' இருக்கவில்லை. திரும்பத் திரும்ப 32 ஆக்கப்படுகிறது. ஐயா இதையும் மறுக்கவில்லை. திரும்பத் திரும்ப ஆக்குவது என்பது காத்தல்தானே என்று கேட்டார். ஒரே சில்லு, ஒரே கசிவு. அவர் அதில் காத்தலைக் கண்டார், நான் கணபங்கத்தைக் கண்டேன். இருவரில் யார் இயந்திரத்தைத் தவறாகப் படித்தோம் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. இயந்திரத்தின் உண்மைகள் அதோடு நின்றுவிட்டன. மீதி, படிக்கிறவரைச் சார்ந்தது.

மாலை வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். இயற்பியலில் மிகக் குறைந்த மதிப்பெண். ஆசிரியர் அறையில் அவள் பெயர் வந்தாலே சிலர் கையை விரிப்பார்கள். அசெம்பிளியோ அவளுக்குக் கைவந்தது. ஒருநாள் அவள் எழுதிய சப்ரூட்டீன் திரும்பி வரவில்லை. "டீச்சர், இது எங்க போச்சு?" என்று கேட்டாள். 'போ' என்ற கட்டளையின்போது செயலி, திரும்ப வேண்டிய முகவரிக்கு ஒன்று முந்தையதை ஸ்டாக் என்ற அடுக்கில் இரண்டு பைட்டாக வைத்துவிட்டுத்தான் போகும். 'திரும்பு' என்றதும் ஸ்டாக்கின் மேலே இருக்கும் இரண்டு பைட்டை எடுத்து, ஒன்று கூட்டி, அங்கே போகும். அவள் நடுவில் ஏ ரெஜிஸ்டரின் எண்ணை ஸ்டாக்கில் ஏற்றி வைத்திருந்தாள், இறக்கவில்லை. செயலி அவளுடைய எண்ணையே முகவரியில் பாதியாக எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டது. மேலே இருப்பது முகவரியா, சேமித்த எண்ணா என்று அது கேட்பதில்லை. கேட்கத் தெரியாது. இதை நான் சொல்லி முடிப்பதற்குள் தாளில் கட்டம் போட்டு அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

அந்த வருஷம் அவளை நிறுத்தி வைக்கலாமா என்ற பேச்சு வந்தபோது ஐயா எழுந்து நின்று சதசத்து பற்றிப் பேசினார். ஆசிரியர் கூட்டத்தில் யாரும் எதிர்பார்க்காத பேச்சு. சித்தாந்தத்தில் பதி சத்து, உலகம் அசத்து, உயிர் இரண்டுமில்லை, அது சதசத்து. சத்தைச் சார்ந்தால் சத்தாய் நிற்கும், அசத்தைச் சார்ந்தால் அசத்தாய் நிற்கும். எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாவதுதான் உயிரின் இயல்பு. "இந்தப் பிள்ளை என்ன மார்க்குன்னு கேக்குறீங்க. எதைச் சார்ந்து உக்காந்திருந்தப்போ எடுத்த மார்க்குன்னு நான் கேக்குறேன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு அவருடைய சித்தாந்தத்தின் பலம் விளங்கியது. அதுவரை பௌத்தம் சார்பைப் பேசுகிறது, சைவம் நிலையான பொருளைப் பேசுகிறது என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தேன். சைவமும் சார்பைத்தான் பேசுகிறது, அதுவும் உயிரின் நடு இடத்திலேயே வைத்துப் பேசுகிறது. வேறுபாடு ஒன்றே: சார்வதற்கு ஒரு பொருள் உண்டு என்கிறது. 32 என்ற எண்ணைப் பொறுத்தவரை நான் மாத்தியமிகர் பக்கம்தான்; கசியும் மின்னூட்டத்துக்கும் வந்து படிக்கும் சில்லுக்கும் அப்பால் அங்கே சார்வதற்கென்று எதுவும் இல்லை. அந்த மாணவியைப் பற்றி அப்படிச் சொல்ல என் மனம் ஒப்பாது. அவள் சார்ந்ததன் வண்ணமானாள், உண்மை. ஆனால் எதைச் சார்ந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. இயற்பியல் வகுப்பில் தான் யாராக இருக்கிறோம், இங்கே யாராக இருக்கிறோம் என்று தெரிந்தது. 6502-க்கான நிரல் தன்னுடைய பைட்டுகளையே எண்களாகப் படிக்கலாம், ஓடிக்கொண்டே தன்னை மாற்றியும் எழுதலாம். நாங்களே அப்படி எழுதிப் பார்த்தோம். தன்னைப் படிக்கிறோம் என்று அதற்குத் தெரியாது. அந்தத் தெரிதலைப் பன்னிரண்டு நிதானங்களில் ஒன்றாக மட்டும் எண்ணிவிட்டு நகர என்னால் முடியவில்லை.

பின்னாளில் ஏகார்னில் அதே சோஃபி வில்சன் ஒரு புதிய செயலிக்கான கட்டளைத் தொகுதியை வடிவமைத்து, அதன் மாதிரியை பிபிசி பேசிக்கிலேயே எழுதிப் பார்த்தார். 1985-இல் வந்த அந்த ஏஆர்எம் செயலியின் வழித்தோன்றல்கள்தான் இன்று நம் கைப்பேசிகளில் இருக்கின்றன. இன்றைய இயந்திரங்களில் மெமரியின் ஒரு பகுதிமேல் "இதைக் கட்டளையாகப் படிக்காதே" என்று குறி போட்டு வைக்க முடிகிறது. எண்ணுக்குத் தனக்கென்று இனம் இருந்தால் அந்தக் காவல் வேண்டியதே இல்லை. வெறும் எழுத்தாக அனுப்பியதைக் கட்டளையாக ஓட வைத்து ஏமாற்றுகிறவர்கள் வந்த பிறகு போட்ட வேலி அது.

ஐயாவோடு நான் கடைசிவரை பிரிந்து நின்ற இடம் ஒன்று உண்டு. உயிர் அறியும், ஆனால் அறிவித்தால்தான் அறியும் என்பது சித்தாந்தம். அறிவிப்பவன் வேறு எதையும் சாராதவனாக இருக்க வேண்டும். நான் இயந்திரத்துக்குள் அப்படி ஒன்றைத் தேடினேன். செயலி கடிகாரத் துடிப்பைச் சார்ந்தது. துடிப்பு 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைச் சார்ந்தது. படிகம் மின்சாரத்தைச் சார்ந்தது. சாராத ஒன்று எங்கும் அகப்படவில்லை என்றேன். அகப்படாது என்றார் ஐயா. சுட்டி அறியப்படுவது எதுவும் அசத்து என்று சிவஞானபோதம் ஆறாம் சூத்திரத்திலேயே முடிவு கட்டியாயிற்று. அந்தப் பெட்டிக்குள் கிடைத்திருந்தால் அது பதி இல்லை என்று அதனாலேயே தெரிந்துவிடும்.

அந்தப் பதிலில் ஓட்டை கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது ஒரு விலையோடு வருகிறது: அப்படியானால் குயவனுக்குச் சான்றாகவும் அந்தப் பெட்டியைக் கூப்பிடக் கூடாது. 8192-இல் நுழையச் சொன்னது யார் என்று ஐயா கேட்டதும் செல்லாது, சாராதது எங்கே என்று நான் தேடியதும் செல்லாது. பதியைப் பற்றி அந்த இயந்திரம் எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது. சார்பைப் பற்றி மட்டும் சொல்லும். ஐயா இதை ஒப்புக்கொண்டார், பாதி மனத்தோடு. குயவனை விட அவருக்கு மனம் வரவில்லை. மறுநாள் வேறு ஒரு வழியாக அவனை உள்ளே கொண்டுவர ஒரு கேள்வியோடு வந்தார். படிகத்துக்கு ஒரே அளவாய்த் துடிக்கும் ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்பது அந்தக் கேள்வி. இயற்பியல் ஆசிரியையாக அதற்கு என்னிடம் நீண்ட பதில் இருந்தது. அவர் கேட்டது அந்தப் பதிலுக்கான கேள்வி இல்லை என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.